நாணல் தந்த பலம்

(நெல்லிக்குப்பத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அறிவியலில் முன்னோடிப் பெண்கள் பற்றிப் பேசச் சொன்னார்கள். மேரி கியூரியிலிருந்து தொடங்கியிருக்கலாம். ஆனா நெல்லிக்குப்பத்துல நின்னுக்கிட்டு கரும்பை விட்டுட்டு எங்கே போறது? 19ஆம் நூற்றாண்டிலேயே சர்க்கரை ஆலை வந்த ஊர் இது. அதனால் கரும்பை ஆராய்ந்த ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுகிறேன். அவர் பெயர் ஜானகி அம்மாள்.

1897இல் தலச்சேரியில் பிறந்தவர். தீயர் சாதி. அன்றைய மலபாரில் தீயரும் 'இத்தனை அடி தள்ளி நில்' என்று ஒதுக்கப்பட்டவர்கள்தான். ஒன்றை மறைக்க வேண்டாம்: அவருடைய அப்பா சப் ஜட்ஜ். படிக்க வசதி இருந்தது. சென்னையில் ராணி மேரி கல்லூரி, பிறகு மாநிலக் கல்லூரி. வீட்டில் கல்யாணம் பேசினார்கள். அதை விட்டுவிட்டு உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் போனார். 1931இல் டாக்டர் பட்டம். 1934இல் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார்.

அங்கே என்ன வேலை? கனத்த, இனிப்பான கரும்புக்கு விஞ்ஞானிகள் வைத்த பேர் 'நோபிள்' கரும்பு. அதாவது உயர்குலக் கரும்பு. கரும்புலயும் குலம் பாத்திருக்காங்க! இந்த உயர்குலம் செவ்வழுகல் நோயைத் தாங்காது. வட இந்தியக் குளிரிலும் நிற்காது. அதற்குப் பலம் கொடுத்தது எது? யாரும் நடாமல் ஆத்தங்கரையில் தானா முளைக்கிற நாணல். 'வெள்ளை' என்ற உயர்குலக் கரும்பைக் கோவைப் பக்கத்து நாணலோடு கலந்து பார்பரும் வெங்கட்ராமனும் உருவாக்கிய கோ 205 ரகம் 1918இல் வெளிவந்தது.

ஜானகி அம்மாள் அதற்குப் பிறகு வந்தவர். கலப்பின் உள்ளே நடப்பதைப் பார்த்தார். மைக்ரோஸ்கோப் வைத்துக் குரோமோசோம்களை எண்ணினார். உயர்குலக் கரும்பில் 80. நாணலில் இடத்துக்கு இடம் மாறும்: 40ம் உண்டு, 128ம் உண்டு. எது எதோடு சேரும், பிள்ளைக்கு யாரிடமிருந்து எவ்வளவு வரும் என்ற இந்தக் கணக்கு இருந்தால்தான் குருட்டாம்போக்கில் கலக்காமல் தெரிந்து கலக்கலாம். கரும்பை மக்காச்சோளத்தோடும் சேர்த்துக் காட்டினார். 1938இல் 'நேச்சர்' இதழில் அது வெளியானது.

இங்கே ஒரு விஷயம். கரும்பும் நாணலும் உண்மையிலேயே வேறு வேறு இனம். ஊரும் சேரியும் ஒரே இனம். வேறு இனங்களே சேர்ந்து பலம் பெறுது. ஒரே இனத்துக்குள்ள கோடு போட்டு, தாண்டினவனை வெட்டறான். இதுக்கு 'சுத்தம்'னு பேரு!

கோவையில் அவர் தனியாக வாழ்ந்த பெண். சாதியிலும் 'கீழே' வைக்கப்பட்டவர். இரண்டுக்காகவும் சக விஞ்ஞானிகளிடம் இடைஞ்சல் பட்டார் என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதுகிறார்கள். 1939இல் எடின்பரோ மரபியல் மாநாட்டுக்குப் போனவர், போர் மூள, பிரிட்டனிலேயே தங்கினார். 1945இல் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்ச் செடிகளின் குரோமோசோம்களைத் தொகுத்து நூலாக்கினார். 1951இல் நேரு அழைத்துத் திரும்பினார். 80 வயதைத் தாண்டியும் சைலண்ட் வேலி காட்டுக்காகக் குரல் கொடுத்தார். 1984இல் இறந்தார்.

நான் பேங்க் கிளார்க். கவிதையும் எழுதுவேன். கரும்புக் கடன் மனுக்கள் என் மேஜைக்கு வரும். சிட்டா, அடங்கல், ஏக்கர், ரகம் எல்லாம் எழுதியிருக்கும். கரணை நட்டு, களை எடுத்து, தோகை உரிச்ச பொம்பளைக்கு அதில் ஒரு கட்டம் கிடையாது. தண்டைப் பிளந்து உள்ளே சிவப்பைப் பார்த்து, புளிச்ச சாராய வாடையை மோந்து, செவ்வழுகல்னு சொல்லத் தெரிஞ்சவ அவ. அதுவும் அறிவியல்தான். எழுதி வைக்காததால் கூலி வேலை ஆயிடுச்சு.

சப் ஜட்ஜ் மகளுக்கே அந்த நிலைமை என்றால், கரும்பு வெட்டுகிறவளின் மகளுக்கு? பத்தாவதில் நல்ல மார்க் எடுத்த பெண்ணிடம் 'சயன்ஸ் உனக்கு வராது' என்று சொல்லி வேறு குரூப்பில் தள்ளுவதை நாம் பார்க்காமலா இருக்கிறோம்? பிளஸ் ஒன் சேர்க்கைக்குப் பிள்ளையைத் தனியா அனுப்பாதீங்க. நாலு பேரா கூடப் போங்க. சயன்ஸ் குரூப் கேளுங்க. இல்லைன்னா, ஏன் இல்லைன்னு எழுதித் தரச் சொல்லுங்க. அந்த மைக்ரோஸ்கோப் முன்னால் நம்ம வீட்டுப் பொண்ணு உட்காரணும்.