அளவறிந்த நோன்பு



ரமலான் மாதத்தில் நோன்பு வைத்திருக்கும் நண்பரிடம் நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “தண்ணிகூடக் குடிக்க மாட்டீங்களா?” ஆமாம், குடிக்க மாட்டார். வைகறை வெளுக்கத் தொடங்கியதிலிருந்து சூரியன் மறையும்வரை உணவில்லை, நீரில்லை, இல்லற உறவில்லை. நபிகள் நாயகம் மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்த இரண்டாம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல், இந்த நோன்பு கடமையானது. திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் 183 முதல் 187 வரையுள்ள வசனங்கள் இதன் சட்டங்களைச் சொல்கின்றன.

கேட்பவருக்குப் பெரிதாகத் தெரிவது பட்டினிதான். எனக்கோ இந்த வழக்கத்தில் வியப்பளிப்பது, பட்டினிக்கு அது போட்டிருக்கும் எல்லைகள்.

அந்தி சாய்ந்ததும் தாமதிக்காமல் நோன்பைத் திறக்க வேண்டும். இன்னும் ஒரு மணி நேரம் தாங்கலாமே என்று இழுத்தால் அதில் புண்ணியம் கூடாது. வைகறைக்கு முன் எழுந்து சஹர் உணவு சாப்பிடுவது விரும்பத்தக்கது. அதையும் கூடுமானவரை பிந்தி உண்பதே சிறப்பு. அந்த நேரத்தில் தாயிரா என்னும் கைமேளத்தைத் தட்டிப் பாடிக்கொண்டே தெருத்தெருவாக மக்களை எழுப்பிவிடும் பக்கீர்களைத் தமிழ்நாட்டு ஊர்கள் நன்றாக அறியும். இரவிலும் உண்ணாமல் நாள்களைத் தொடர்வதை நபிகள் தம் தோழர்களுக்குத் தடுத்தார். ரமலான் முடிந்து வரும் பெருநாள் அன்று நோன்பு வைப்பதே கூடாது.

நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு உண்டு. விட்ட நாள்களைப் பிறகு வைத்துவிட வேண்டும். மாதவிலக்கான பெண்கள் அந்த நாள்களில் நோன்பு வைப்பதில்லை. பின்னால் ஈடு செய்கிறார்கள். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சலுகை இருக்கிறது. நோன்பு வைக்கவே இயலாத முதியவர், விடுபடும் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்தால் போதும். மறதியாகச் சாப்பிட்டுவிட்டால் நோன்பு முறியாது. நினைவு வந்ததும் நிறுத்திவிட்டுத் தொடரலாம்; அது இறைவன் ஊட்டியது என்று நபிகள் சொன்னதாக ஹதீஸ், அதாவது நபிமொழி, உண்டு.

நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் நாள் தவறாமல் நோன்பு வைத்துக்கொண்டு, இரவெல்லாம் தொழுதும் வந்தார். நபிகள் அவரை அழைத்து, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் அவர் செலுத்த வேண்டிய கடமை உண்டு என்று எடுத்துச் சொன்னார். முதலில் மாதத்துக்கு மூன்று நாள் போதும் என்றார். அவர் இன்னும் வேண்டும் என்று கேட்கவே, ஒருநாள் விட்டு ஒருநாள் வைத்த தாவூத் நபியின் நோன்போடு நின்றுகொள்ளச் சொன்னார். அதற்கு மேல் சிறந்தது இல்லை என்பதே தீர்ப்பு. பக்திக்கும் ஓர் அளவு வைத்த தீர்ப்பு அது.

ஹதீஸ் நூல்களில் இன்னொரு நிகழ்ச்சி. ரமலான் பகலில் மனைவியோடு கூடி நோன்பை முறித்துவிட்ட ஒருவர், அழிந்தேன் என்று பதறிக்கொண்டு நபிகளிடம் வந்தார். ஓர் அடிமையை விடுதலை செய்ய முடியுமா என்று கேட்டார் நபிகள். முடியாது என்றார் வந்தவர். இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு வைக்க முடியுமா? முடியாது. அறுபது ஏழைகளுக்கு உணவளிக்க முடியுமா? அதற்கும் வழியில்லை. அந்த நேரம் ஒரு கூடைப் பேரீச்சம்பழம் வந்து சேர்ந்தது. இதைக் கொண்டுபோய்த் தருமம் செய் என்றார் நபிகள். மதீனாவில் என் குடும்பத்தைவிட ஏழைக் குடும்பம் எது என்று திருப்பிக் கேட்டார் அவர். நபிகள் பல் தெரியச் சிரித்து, அப்படியானால் உன் வீட்டாருக்கே கொடு என்று அனுப்பிவைத்தார். பரிகாரம் கேட்டு வந்தவர் பழக்கூடையோடு வீடு திரும்பினார்!

உடலிடம் இவ்வளவு இளகி நிற்கும் இந்த வழக்கம், நாக்கிடம் மட்டும் கறாராக இருக்கிறது. பொய்யை விடாதவர் உணவை விடுவதால் இறைவனுக்கு ஆவது ஒன்றுமில்லை என்பது நபிகளின் கருத்து. பதினோராம் நூற்றாண்டில் பிறந்த இமாம் கஸ்ஸாலி, ‘இஹ்யா உலூமித்தீன்’ என்ற தம் பெருநூலில் நோன்பை மூன்று படிகளாகப் பிரித்தார். வயிற்றை அடக்குவது முதல் படி. கண், காது, நாக்கு, கை, கால் எல்லாவற்றையும் தீமையிலிருந்து காப்பது இரண்டாம் படி. உள்ளமே இறைவனைத் தவிர வேறெதிலும் ஒட்டாதிருப்பது மூன்றாம் படி. பகலெல்லாம் பட்டினி கிடந்து, அந்தி சாய்ந்ததும் விதவிதமாக வயிறு முட்டத் தின்பவர்களையும் அவர் கண்டித்தார். பகலில் மிச்சப்பட்டதை இரவில் சேர்த்துத் தின்றால் நோன்பின் பயன் என்ன என்பது அவர் வாதம். பிரியாணிக் கடை விளம்பரங்களுக்கு நடுவே நோன்பு திறக்கும் இன்றைய நகரங்களுக்கும் அந்தக் கண்டிப்பு பொருந்தும்.

மிச்சப்பட்ட உணவு எங்கே போக வேண்டும் என்பதை நோன்புக் கஞ்சி காட்டுகிறது. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, தேங்காய்ப்பால் சேர்த்துப் பள்ளிவாசல் அண்டாக்களில் கொதிக்கும் கஞ்சி அது. பிற்பகலில் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பவர்களிடம் மதம் எதுவென்று யாரும் கேட்பதில்லை. சென்னை திருவல்லிக்கேணியில், 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசலில், நோன்பாளிகளுக்குப் பல பத்தாண்டுகளாக உணவு பரிமாறி வருபவர்கள் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த இந்துத் தொண்டர்கள்.

மாத முடிவில் பித்ரா என்னும் தருமம். வீட்டில் பிறந்த பச்சைக் குழந்தை உட்படத் தலைக்கு ஒரு ‘ஸாஉ’ அளவு, ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று கிலோ வரை, தானியமோ அதன் மதிப்போ ஏழைக்குப் போய்ச் சேர வேண்டும். அதுவும் பெருநாள் தொழுகைக்கு முன்பே. அந்த நாளில் எவர் வீட்டு அடுப்பும் எரியாமல் இருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

ரமலான் வரும் சந்திர ஆண்டுக்குச் சுமார் 354 நாள்தான். அதனால் இந்த மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. கோடையின் தாகம், மழைக்காலத்தின் ஆறுதல் இரண்டும் ஒருவர் வாழ்நாளில் முறைவைத்து வரும்.

நேயர்களே, எவ்வளவு பசி தாங்கினோம் என்பதை வைத்து இந்த நோன்பை எடைபோட முடியாது. பகலில் நாக்கு யாரையும் புண்படுத்தியதா, மாலையில் நம் வீட்டுச் சோறு பக்கத்து வீட்டுக்கும் போனதா என்ற இரண்டு கேள்விகள் போதும். இந்த ரமலானில் உங்கள் தெருவில் நோன்பு வைத்திருக்கும் ஒருவர் கஞ்சி கொடுத்தனுப்பினால் வாங்கிக் குடியுங்கள். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்காதீர்கள்.