காருக்கு ஆயில் மாற்றினால், பழைய ஆயில் எங்கே போகிறது?

வீட்டிலேயே காருக்கு என்ஜின் ஆயில் மாற்றுகிறவர்கள் நம்மில் சிலர் இருக்கிறீர்கள். நல்லதுதான். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு கொடுங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் சில சமயம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். எடுக்காமல் புதியதை மாட்டினால் ஆயில் ஒழுகும். புதிய வளையத்தில் துளி ஆயில் தடவி, கையாலேயே இறுக்கினால் போதும்.

நான் பேச வந்தது பழைய ஆயிலைப் பற்றி. சின்ன காரிலேயே சுமார் 3 லிட்டர் வரும். சாக்கடையில் ஊற்றினால், மழைக்கு உத்திரகாவேரியில் சேரும், அங்கிருந்து பாலாறு. 2016 விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. கரையானுக்கென்று மரத்தில் பூசுவதும் வேண்டாம், மாடு உரசும். மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயில் சேர்த்துவைத்து விற்கும் பட்டறையில் கொடுங்கள். பழைய ஃபில்டரையும் ஒரு நாள் கவிழ்த்து வடியவிடுங்கள்.