எடை எங்கே குறைகிறது?



பெங்களூரின் வைட்ஃபீல்டில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஜான் எஃப். வெல்ச் தொழில்நுட்ப மையம் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. விமான இன்ஜின்கள் தொடர்பான பொறியியல் வேலை அங்கே நடக்கிறது. அங்கிருந்து மாரத்தஹள்ளி வழியாக நகரை நோக்கி வந்தால், விமானங்களைத் தயாரிக்கும் எச்ஏஎல் நிறுவனம் இருக்கும் பகுதி. துருவ் ஹெலிகாப்டர் 1992 ஆகஸ்ட் 20 அன்றும், அதைவிடச் சிறிய எல்யூஎச் ஹெலிகாப்டர் 2016 செப்டம்பர் 6 அன்றும் முதன்முதலாகப் பறந்தது இந்த ஊரில்தான்.

ஹெலிகாப்டரில் இன்ஜின் நின்றால்கூட, காற்றின் வேகத்திலேயே விசிறி சுழல, விமானி அதைப் பத்திரமாகத் தரையிறக்க வாய்ப்பு உண்டு. இன்ஜினின் வேகத்தைக் குறைத்து விசிறிக்குக் கொண்டுசெல்லும் முதன்மை கியர்பாக்ஸ் இறுகிப்போனால் அந்த வாய்ப்பும் போய்விடும். அதற்கு மாற்றாக இன்னொரு கியர்பாக்ஸைச் சுமந்து செல்லவும் முடியாது. உடையவே கூடாத இந்தப் பெட்டி, அதே நேரம் எடையும் குறைவாக இருந்தாக வேண்டும்.

அதை எப்படிச் சாதிக்கிறார்கள்? கியரின் பல்லைச் சிறிதாக்கி, சக்கரத்தைச் செதுக்கித்தான் எடையைக் குறைப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் எடையில் கணிசமான பகுதி முடிவாவது, ஷாஃப்ட் எப்படி வளைகிறது, பேரிங் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற கணக்கில்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 1000 கிலோவாட் திறன் நிமிடத்துக்கு 6000 சுற்றில் வந்தால், ஷாஃப்டின் முறுக்குவிசை ஏறக்குறைய 1600 நியூட்டன் மீட்டர். அதே திறனை 300 சுற்றுக்கு இறக்கினால் அது ஏறக்குறைய 32,000 ஆகிவிடும். வேகம் இருபதில் ஒரு பங்காகக் குறையும்போது முறுக்கு இருபது மடங்காகிறது. அதனால் பெரிய வேகக் குறைப்பைக் கூடுமானவரை கடைசிக் கட்டத்துக்கு ஒதுக்குகிறார்கள். கனமான முறுக்கைத் தாங்கும் உறுப்புகள் சிலவாகவே இருக்கும். மற்றவை மெலிதாக இருக்கலாம்.

இரண்டு கியர்கள் பல்லோடு பல் சேரும்போது ஒன்றை ஒன்று சுழற்றுவதோடு, விலக்கித் தள்ளவும் செய்கின்றன. வழக்கமான 20 பாகை அழுத்தக் கோணமுள்ள நேர்ப்பல் கியரில், சுழற்றும் விசையில் 36 சதவீதம் அளவுக்கு இந்த விலக்கும் விசை இருக்கும். இரண்டும் சேர்ந்து ஷாஃப்டை வளைக்கின்றன. வளைந்தால் பற்கள் முழு அகலத்தில் தொடாமல் ஓர் ஓரத்தில் மட்டும் அழுந்தும். எவ்வளவு நல்ல எஃகு என்றாலும் அந்த ஓரம் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

வளைவைக் குறைக்க ஷாஃப்டைத் தடிமனாக்கலாம், எடை ஏறும். அதைவிடப் பேரிங்குகளை நெருக்கி வைப்பது நல்லது. இரு முனையிலும் தாங்கிய ஷாஃப்டின் நடுவில் கியர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேரிங்குகளுக்கு இடையிலான தூரம் பாதியானால் வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும். அடுத்தது ஷாஃப்டைக் குழாயாக்குவது. வெளிவிட்டத்தில் பாதி அளவுக்கு உள்ளே துளையிட்டால் எடையில் 25 சதவீதம் போகும். முறுக்கைத் தாங்கும் வலிமையில் போவது 6 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். மூங்கில் உள்ளே காலியாக இருந்தும் காற்றுக்கு ஈடுகொடுத்து நிற்பது இதனால்தான்.

பேரிங்கின் கணக்கு இன்னும் கறாரானது. பால் பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். சுமை பாதியானால் ஆயுள் எட்டு மடங்கு; சுமை 10 சதவீதம் கூடினால் ஆயுளில் கால்பங்கு போய்விடும். ஒரே மாதிரியான பேரிங்குகளில் 90 சதவீதம் எவ்வளவு சுற்றுவரை தாங்கும் என்பதே அட்டவணையில் தரப்படும் ஆயுள். மீதிப் பத்து சதவீதம் முன்னதாகவே களைத்துப்போகலாம் என்பதையும் வடிவமைப்பாளர் மனதில் வைத்தே ஆகவேண்டும்.

எடை குறைக்கும் இன்னொரு வழி கோள் கியர் அமைப்பு. நடுவில் ஒரு கியர், அதைச் சுற்றிச் சில கியர்கள், எல்லாவற்றையும் அணைத்தபடி வெளியே உட்பல் வளையம். சுமையைப் பல கியர்கள் பங்கிட்டுக்கொள்வதால் பெட்டி சிறியதாகிறது. நடுக் கியரைப் பக்கவாட்டில் தள்ளும் விசைகளும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். சில வடிவமைப்புகளில் இன்னும் ஒரு படி மேலே போய், சுற்றும் கியரின் உட்பரப்பையே பேரிங்கின் வெளி வளையமாக்கிவிடுகிறார்கள். ஒரு வளையத்தின் எடை மிச்சம்.

இந்த மிச்சத்துக்குப் பின்னே என்ன காத்திருக்கலாம் என்பதை நார்வே பார்த்தது. 2016 ஏப்ரல் 29 அன்று டூரேய் தீவருகே எச்225 ரக ஹெலிகாப்டர் ஒன்றின் சுழல்விசிறி பறக்கும்போதே கழன்று, அதிலிருந்த 13 பேரும் உயிரிழந்தார்கள். கியர்பாக்ஸின் இரண்டாம் கட்டத்தில் கோள் கியர் ஒன்று, திரும்பத் திரும்ப வரும் சுமையால் உண்டாகும் சோர்வு விரிசலால் உடைந்திருந்தது. பேரிங் உருளைகள் ஓடும் உட்பரப்பில் தொடங்கிய விரிசல், கியரின் உடலுக்குள்ளேயே வளர்ந்திருந்தது. எண்ணெயில் உலோகத் துகள்களைத் தேடும் காந்த உணரிகள் எச்சரிக்கை தரவில்லை. விரிசல் மேற்பரப்பைப் பெரிதாகப் பெயர்க்காமல் அடியில் வளர்ந்ததால் துகள்கள் அவ்வளவாக உதிரவில்லை. 2009 ஏப்ரல் 1 அன்று ஸ்காட்லாந்தின் கடலோரத்தில் 16 பேரைப் பலிகொண்ட சூப்பர் பூமா விபத்திலும் இதே இடத்தில் இருந்த கியர்தான் உடைந்திருந்தது.

ஆயுள் கணக்கு முதல் விரிசல் எப்போது வரும் என்பதைச் சொல்லும். வந்த விரிசல் எந்தப் பக்கம் நகரும் என்பது தனிக் கணக்கு. நார்வே விபத்துக்குப் பிறகு, அந்த ரகத்தில் பயன்பட்ட இரு வகைக் கோள் கியர் பேரிங்குகளில், தொடுபரப்பில் அழுத்தம் அதிகமான வகை நீக்கப்பட்டது. குறைந்த அழுத்தமுள்ள வகை மட்டும், முன்பைவிடக் குறுகிய பயன்பாட்டுக் காலத்துக்குப் பொருத்தப்பட்டது. எண்ணெயில் துகள் தேடும் சோதனைகளும் கடுமையாயின. பேரிங்கையும் கியரையும் ஒரே துண்டாக்க நினைக்கும் வடிவமைப்பாளர், பெங்களூரிலானாலும் வேறெங்கானாலும், மிச்சமாகும் கிராம்களோடு இந்த இரண்டாவது கணக்கையும் போட்டாக வேண்டும்.