தோற்ற அணி கொடுக்கட்டும் அந்தக் கோப்பையை

(தோட்ட விளையாட்டு விழா ஆயத்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த வருட விழாவில் ஒரு புதுக் கோப்பை வைக்க வேண்டுமென்று நாங்கள் கேட்டோம். "முதலாமிடத்துக்கும் இரண்டாமிடத்துக்குமே காசு சேரவில்லை, இது எதற்கு டீச்சர்?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

சர்வதேச கிரிக்கெட் சபை 2004 முதல் ஆண்டுதோறும் விருதுகள் வழங்கி வருகிறது. ஓட்டத்துக்கும் விக்கெட்டுக்கும் கொடுப்பது போக, நேர்மையாக விளையாடியவர்களுக்கென்றே ஒரு விருது உண்டு. கிரிக்கெட் மகத்துவ விருது என்பார்கள். ஆரம்பத்தில் அணிகளுக்குக் கொடுத்தார்கள். 2007இலும் 2008இலும் அதைப் பெற்றது இலங்கை அணிதான். பிறகு தனி ஆட்களுக்கும் கொடுத்தார்கள். 2013இல் மஹேல ஜயவர்தனவுக்குக் கிடைத்தது. காலியில் நியூசிலாந்துடன் நடந்த டெஸ்டில் 91 ஓட்டத்தில் நின்றவர், நடுவர் விரலைத் தூக்கும்வரை காத்திராமல் தானாகவே நடந்து போனார். சதத்துக்கு ஒன்பது ஓட்டம்தான் பாக்கி. நம் பையன்கள் என்றால் மட்டையைக் கையிலிருந்து பிடுங்கித்தான் அனுப்ப வேண்டியிருக்கும்! (சிரிப்பு)

2022ஆம் ஆண்டுக்கான விருது நேபாளத்து விக்கெட் காப்பாளர் ஆசிப் ஷேக்குக்குப் போனது. அயர்லாந்து வீரர் ஒருவர் ஓடும்போது பந்துவீச்சாளர்மேல் மோதி விழுந்துவிட்டார். பந்து ஆசிப்பின் கைக்கு வந்துவிட்டது. விக்கெட்டைத் தட்டியிருந்தால் ஆட்டமிழப்புத்தான். அவர் தட்டவில்லை. அந்த ஆட்டத்தில் நேபாளம் 16 ஓட்டத்தால் தோற்றது. தோற்ற அணியின் பிள்ளைக்கு உலக விருது.

இன்னொரு கதை நம் ஆளைப் பற்றியது. முத்தையா முரளிதரனின் தாத்தா 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். (முரளியின் அரசியல் பேச்சுகளைப் பற்றி நமக்குள் பல கருத்து உண்டு. அதை வேறொரு நாள் பேசிக்கொள்வோம்.) 2006 டிசம்பர், கிறைஸ்ட்சேர்ச். சங்கக்கார ஓர் ஓட்டம் எடுத்துச் சதம் அடித்தார். கோட்டுக்குள் மட்டையை வைத்துவிட்ட முரளி, அவரைக் கட்டிப்பிடித்து வாழ்த்தத் திரும்பி நடந்தார். பந்து வந்து சேர்ந்ததும் நியூசிலாந்தின் மெக்கல்லம் விக்கெட்டைத் தட்டினார். சட்டப்படி சரி. கடைசி விக்கெட், இன்னிங்ஸ் முடிந்தது.

அதே மெக்கல்லத்துக்குத்தான் 2015இல் மகத்துவ விருது கிடைத்தது. 2016இல் லோர்ட்ஸில் உரையாற்றியபோது, சங்கக்கார சபையில் உட்கார்ந்திருக்க, அன்று தான் செய்தது தவறு என்று சொல்லி முரளியிடம் மன்னிப்புக் கேட்டார். சட்டம் தன் பக்கம் இருந்தும், பத்து வருடம் கழித்துக் கேட்டார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நேர்மையாக விளையாடு என்றால், வாயை மூடிக்கொண்டு நில் என்று அர்த்தமில்லை. தோட்டத்தில் "நல்ல பிள்ளை" என்ற பட்டம் யாருக்குக் கிடைக்கும் என்பது நமக்குத் தெரியும்: நிறுவையில் எத்தனை கிலோ கழித்தாலும் கேள்வி கேட்காதவருக்கு. அந்த மாதிரி விருது நமக்கு வேண்டாம். 1995இல் மெல்பேர்னில் முரளி பந்தை எறிகிறார் என்று நடுவர் ஏழு தடவை நோ போல் சொன்னார். 1999இல் அடிலெய்டில் இன்னொரு நடுவர் அதையே செய்தபோது, தலைவர் அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை நடத்திக்கொண்டு போய் ஆட்டத்தை நிறுத்தினார். அதற்காகத் தண்டனையும் வாங்கினார். முரளி தன் கையை மறைக்கவில்லை. திரும்பத் திரும்பச் சோதனைக்குக் கொடுத்தார். 2005இல் எல்லாப் பந்துவீச்சாளருக்கும் 15 பாகை என்று ஒரே அளவு வந்தது. 2010இல் காலியில் 800 விக்கெட்டோடு விடைபெற்றார். நியாயம் கேட்டு நின்றதும் விளையாட்டுப் பண்புதான்.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். போன வருடம் ஒரு ரன் அவுட்டுக்காக மேல் டிவிசனும் கீழ் டிவிசனும் அடித்துக்கொண்டன. சண்டை மைதானத்தோடு நிற்கவில்லை. லயத்துக்கு வந்தது, பெரட்டுக்கு வந்தது. கொழுந்து நிறுவைக் கழிவு பற்றிய மனுவுக்குக் கையொப்பம் வாங்கப் போனால், "அவன் போட்ட தாளில் நான் போட மாட்டேன்" என்றார்கள். பாதிக் கையொப்பத்தோடு போன மனு என்னவாகும்? அதுதான் ஆனது. கழிவு இன்றும் நடக்கிறது. யாருக்கு லாபம்? நிச்சயமாக மேல் டிவிசனுக்கும் இல்லை, கீழ் டிவிசனுக்கும் இல்லை.

ஆகையால்தான் இந்தக் கோப்பையைக் கேட்கிறோம். யாருக்குக் கொடுப்பது என்பதைத் துரையும் தீர்மானிக்க வேண்டாம், சங்கத் தலைவர்களும் தீர்மானிக்க வேண்டாம். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும், தோற்ற அணி கூடிப் பேசி, எதிரணியில் ஒருவர் பெயரைச் சொல்லட்டும். கூடுதல் தடவை பெயர் வந்தவருக்குக் கோப்பை. கிரிக்கெட்டுக்கு மட்டுமல்ல, பெண் பிள்ளைகளின் வலைப்பந்துக்கும், தாய்மார்களின் கயிறிழுத்தலுக்கும் இதே முறை. தாய்மார்கள் பெயர் சொல்லமாட்டோம் என்று அடம்பிடித்தால் அப்போது பார்த்துக்கொள்வோம்.

பெரிய வெள்ளிக் கோப்பை வேண்டியதில்லை. எங்கள் பாடசாலைப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் பழைய தேயிலைக் கட்டையில் ஒன்று செதுக்கித் தருகிறோம் என்கிறார்கள். அதில் பெயர் எழுதும் செலவு மட்டும்தான். சம்மதம் என்றால் இரண்டு டிவிசன் தலைவர், தலைவிமாரும் வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கு வந்து, விதிமுறைத் தாளில் பக்கத்துப் பக்கத்தில் கையொப்பம் போடுங்கள். நிறுவை மனுவையும் புதிதாக எழுதி, அதே மேசையில் வைத்திருப்போம்.