திறந்து கிடக்கும் கணக்கும் அடுத்தவர் வீடுதான்

 

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என நம் புதுக்கோட்டை மாவட்டக் கரையோர ஊர்களில் பல குடும்பங்களின் உறவுகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். டிக்கெட், பாஸ்போர்ட், வங்கி வேலைகளுக்காக இ-சேவை மையத்திலும் பிரவுசிங் சென்டரிலும் அமர்கிறோம். லாக் அவுட் செய்ய மறந்து எழுந்து போகிறோம். அடுத்து வந்து உட்காரும் பிள்ளையின் முன்னால் நம் மெயில் திறந்து கிடக்கிறது. "அவர்தானே திறந்து போட்டுவிட்டுப் போனார், பார்த்தால் என்ன?" என்று கேட்கிறார்கள்.

இதற்கான பதில் நம் மார்க்கத்தில் இருக்கிறது. பிறர் வீட்டில் அனுமதி பெற்று, ஸலாம் சொல்லியே நுழைய வேண்டும். உள்ளே யாரும் இல்லாவிட்டாலும் அனுமதி கிடைக்கும்வரை நுழையக் கூடாது என்று அந்நூர் அத்தியாயத்தின் 27, 28ஆம் வசனங்கள் கற்பிக்கின்றன. கதவு திறந்திருப்பது அனுமதி ஆகாது.

நாட்டின் சட்டமும் அப்படியே. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43ஆம் பிரிவுப்படி, உரியவர் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைந்தாலோ, தகவலை நகலெடுத்தாலோ இழப்பீடு தர வேண்டிவரும். நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவுப்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிறர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் 66சி பிரிவு தனியே இருக்கிறது.

சட்டம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. பெங்களூரைச் சேர்ந்த ஒருவர், பிறருடைய பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் கணக்குகளில் உரியவரைப் போலவே நுழைந்து இணையத்தைப் பயன்படுத்தினார். சந்தாதாரர்களுக்கு நேர்ந்த இழப்பு 38,248 ரூபாய். சி.பி.ஐ. தொடுத்த வழக்கில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் அவருக்கு ஓராண்டு கடுங்காவலும் 5,000 ரூபாய் அபராதமும் விதித்தது. வெளிநாட்டு வேலைக்குப் போகும் கனவில் இருக்கும் நம் பிள்ளைகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே, திறந்த கணக்கைக் கண்டால் படிக்காமல் மூடிவிடுவோம். மையப் பொறுப்பாளரிடம் சொல்வோம். அது நம்மிடம் வந்த அமானிதம். நம் வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியை அவ்வப்போது பார்த்து, தெரியாத கருவிகளை நீக்குவோம். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-ஐ அழைப்போம். வீட்டிலும் அப்படித்தான்: வாப்பாவின் போனாக இருந்தாலும், மனைவியின் போனாக இருந்தாலும், கேட்டே எடுப்போம். பெரியவர்கள் கேட்டு எடுத்தால்தான் பிள்ளைகளும் கேட்டு எடுப்பார்கள்.

பிறர் மானத்தையும் உடைமையையும் காப்பவர்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.