ஏரிக்கருவேலமும் எட்டாத சோலையும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



பத்து நிமிடம்தான் தந்திருக்கிறார்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டின் இரண்டு இடங்களை ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். ஒன்று நம்ம அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி. மற்றொன்று கோத்தகிரி பக்கத்தில் இருக்கும் லாங்வுட் சோலை. ஒரே அறிவிப்பில் இரண்டு பெயர். ஒன்று 453 ஹெக்டேர் சமவெளி ஏரி, மற்றொன்று 116 ஹெக்டேர் மலைக்காடு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் பறவைக்கு எதிரி கோடாலிதான்.

முதலில் சோலையைப் பார்ப்போம். நீலகிரிச் சிரிப்பான், நீலகிரி சோலைச்சிட்டு என்று இரண்டு பறவைகள் அங்கே உண்டு. உலக அளவில் அழிவின் விளிம்பில் இருப்பவை. சோலைச்சிட்டு, அடர்ந்த நிழலில், ஈரச் சருகுக்குள் பூச்சி பொறுக்கித் தின்னும். மரத்தை வெட்டினால் வெயில் இறங்கும், சருகு காயும், களை ஏறும். அது வெட்டவெளியைக் கடந்து அடுத்த சோலைக்குப் போகவும் தயங்கும். நம்ம கரைவெட்டிக்கு வரும் பட்டைத்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருகிறது. இந்தச் சிட்டுக்கு ஒரு தேயிலைத் தோட்டமே இமயமலை!

லாங்வுட் சோலை விறகு வெட்டால் மெலிந்துகொண்டிருந்த காடு. அந்த ஊர் மக்களே குழு சேர்ந்து காவல் நின்றார்கள், வனத்துறையோடு சேர்ந்து நாட்டு மரங்களை நட்டார்கள். காரணம் பறவை மட்டுமல்ல. சுற்றியுள்ள கிராமங்களுக்கு அந்தச் சோலைதான் குடிதண்ணீர்.

சட்டமும் துணை நின்றது. கூடலூர்ப் பகுதியில் மரம் வெட்டியதை எதிர்த்து 1995-இல் கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-ஆம் தேதி வந்த உத்தரவு, தமிழ்நாட்டு வனப்பகுதிகளில் மரம் வெட்டத் தடை விதித்தது. 'காடு' என்றால் அகராதியில் உள்ள பொருள்தான், ஏட்டில் யார் பெயரில் இருந்தாலும் சரி என்றும் சொன்னது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். பெரம்பலூர், அரியலூர் பக்கம் சோலை ஏது? நமக்குச் சோலை, ஏரிக்குள் நிற்கும் நாட்டுக் கருவேலம்தான். சுற்றிலும் தண்ணீர் நிற்பதால் பூனையும் நரியும் எட்டாது. அதனால்தான் நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம், கொக்கு எல்லாம் அதில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு எரு. இது தெரிந்துதான் வேடந்தாங்கல் மக்கள் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கலெக்டரிடம் சொல்லிப் பறவைகளுக்குப் பாதுகாப்பு வாங்கினார்கள்.

ஆனால் ஏரிக்கருவேலம் விறகுக்கு ஏலம் போகிற மரம். போதாக்குறைக்கு, 2017-இல் சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வந்ததிலிருந்து, "கருவேலமா? அடிச்சுத் தள்ளு!" என்பதே பல இடங்களில் பேச்சு. சீமைக் கருவேலத்தை எடுப்பது நியாயம். ஜே.சி.பி.க்கு நாடு எது, சீமை எது என்று தெரியாதே! நமக்குத் தெரியணும். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய் மணி கோத்த மாதிரி இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமையின் பூ கதிர் மாதிரி நீளும். காய் பட்டையாக இருக்கும். இவ்வளவுதான் பாடம்.

நம்மில் ஊராட்சித் தலைவர் இருக்கிறார், பொதுப்பணித் துறையில் இருப்பவர் இருக்கிறார், வாத்தியார்கள் நிறையப் பேர். மூன்று வேண்டுகோள். ஏலம் போடும் முன் மரத்தில் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். கார்த்திகை முதல் பங்குனி வரை ஏரிக்குள் கோடாலியை இறக்க விடாதீர்கள். சீமையை எடுத்த இடத்தில் நாட்டு மரம் வையுங்கள்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒன்றே ஒன்று. குளிர்காலத்தில் வனத்துறை பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. கரைவெட்டிக்குப் போய் நீங்களும் எண்ணுங்கள். அங்கே இதுவரை பதிவான பறவை வகைகள் சுமார் 198. "இந்த மரத்தில் இத்தனை கூடு" என்று நோட்டில் எழுதி வைத்திருந்தால்தான், நாளைக்கு ஏலக்காரர் வரும்போது காட்டிப் பேச உங்கள் கையில் ஏதாவது இருக்கும்.