முத்தநாதன் வேடமும் நம் வேடமும்



திருக்கோவலூரில் அரசு புரிந்த மெய்ப்பொருள் நாயனார் சரிதத்தைப் பன்முறை கேட்டிருப்பீர்கள். போரில் தோற்றுத் தோற்று மானமிழந்த முத்தநாதன், மேனியெல்லாம் நீறு பூசிச் சடை முடித்து, புத்தகக் கவளிகைக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு வந்தான். எவரிடத்தும் இல்லாத ஆகமம் கொணர்ந்ததாகக் கூறி, அரசியாரையும் அகலச் செய்தான். மன்னர் அவனை உயரிய ஆசனத்தில் இருத்தித் தாம் தரையில் அமர்ந்து வணங்கிய வேளையில், நினைத்ததை முடித்தான்.

ஏமாந்தவர் யார்? நாயனார் என்பீர்கள். கத்தி வெளிப்பட்ட பின் வந்தவன் பகைவன் என்பதை அவர் நன்கு உணர்ந்தார். உணர்ந்தே அவ்வேடத்தை வணங்கினார். அது மயக்கமன்று. முத்தநாதனும் தன்னை ஏமாற்றிக்கொண்டவன் அல்லன். கவளிகைக்குள் இருப்பது கத்தி என்பது அவனுக்குத் தெரியும். நம் நிலையோ அவனினும் இரங்கத்தக்கது. கத்தியை வைத்த நாமே அதனை ஆகமம் என்று நம்பிவிடுகிறோம்!

இதன் காரணத்தை உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் விளக்குகின்றார். புறத்து இருள் பிற பொருளை மறைக்கும். ஆயினும், 'இருட்டாக இருக்கிறது' என்றேனும் நாம் அறிகிறோம். ஆணவ இருளோ தன்னையும் காட்டாது. ஆகவேதான் தன்னை ஏமாற்றிக்கொள்பவன் ஒருநாளும் தான் ஏமாந்ததை அறிவதில்லை.

இந்த ஊரில் இதனைப் பேசக் காரணம் உண்டு. வெடிமருந்தோடு வாழும் வட்டாரம் இது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். உதவிக்கு ஓடிய அயலூராரும் அவர்களுள் அடங்குவர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் மடிந்தனர். ஓர் அறையில் 4 பேருக்கு மேல் இருத்தலாகாது, கலந்த மருந்தை மறுநாளைக்கு வைத்தலாகாது என்பவை யாருக்குத் தெரியாது? "நேற்று ஒன்றும் நேரவில்லையே" என்ற ஒரு சொல் அத்தனையையும் மறைத்துவிடுகிறது. அடுத்து, "சாமி காப்பாற்றும்" என்கிறோம். வாசலில் ஆயுத பூசையும் நடக்கிறது. முத்தநாதன் திருநீற்றுக்குள் பகையை மறைத்தான். நாம் அதே திருநீற்றுக்குள் அசட்டையை மறைக்கிறோம்.

ஒன்று சொல்ல வேண்டும். எண்ணிக்கைக்குக் கூலி பெற்று, மாலைக்குள் இத்தனை முடித்தால்தான் அடுப்பெரியும் என்று விரையும் தாயை நான் குறை கூறேன். அவள் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. அச்சத்தை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளை அவ்வாறு விரைய வைத்துவிட்டு, "அவர்களாகவே செய்துகொண்டது" என்று சொல்லி நிம்மதியாக உறங்குபவர் நெஞ்சில்தான் அவ்விருள் குடியிருக்கிறது. அவர் கோயிலுக்குக் கொடுக்கும் நன்கொடையும் சில வேளை அக்கவளிகையின் மேலுறையே.

சரிதத்தில் நாம் மறந்துவிடும் ஒருவன் இருக்கிறான்: வாயில் காத்த தத்தன். முத்தநாதன் உள்ளே நுழைந்தபோதே அவன் மனம் ஐயுற்று அங்கேயே நின்றது. ஆணவம் உடையவனுக்குத்தான் ஒளிந்துகொள்ளும். அருகில் இருப்பவன் கண்ணுக்கு எளிதில் தப்பாது. அடியார் கூட்டத்தை நம் ஆன்றோர் வற்புறுத்தியதும் இதனால்தான். நம் நெற்றியில் நீறு கோணியிருந்தால் எதிரில் நிற்பவர்தானே காண்கிறார்? "முதலாளி, இந்த அறையில் ஆறு பேர் இருக்கிறோம்" என்று ஒரு பெண் சொன்னால், அவளே அன்றைக்குத் தத்தன். மறுநாள் அவளுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டு, மாலையில் இச்சந்நிதிக்கு வந்து நிற்போமானால், உள்ளே வருவது யார் என்று நந்தியெம்பெருமான் அறியாரோ?

திருச்சிற்றம்பலம்.